ஆறாம் நம்பரின் மூன்றாவது பல்பு

ஹெட்லைட்டின் வட்ட விளிம்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார் ஆறாம் நம்பர். வாயில் ஒரு திருகாணி. கையில் புது பல்பு. இரண்டு மாதத்தில் இது இரண்டாவது.

"மறுபடியும் பல்பா?" என்றாள் மனைவி.

"பின்ன, மெழுகுவத்தி ஏத்தி முன்னாடி கட்டிக்கிட்டுப் போகச் சொல்றியா?"

"அதுக்கில்லங்க. கோளாறு வண்டியிலதானா, இல்ல..."

"இல்ல?"

அவள் உள்ளே போய்விட்டாள். அவருக்கும் அந்த 'இல்ல'வுக்கு அப்புறம் என்ன வரும் என்று தெரியும். அதனால்தான் கேள்வியை அவ்வளவு சத்தமாகக் கேட்டார்.

தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று அவருக்கு உண்டு. அது சம்பளச் சீட்டோடு சரி. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றுகிற பேருந்துகள் மொத்தம் ஒன்பது. எந்த வண்டியை ஓட்டுகிறாரோ அந்த நம்பர்தான் அங்கே டிரைவருக்குப் பேர். "மூணாம் நம்பருக்குக் காய்ச்சலாம்" என்பார்கள், "எட்டாம் நம்பர் பொண்ணு பாஸ் பண்ணிடுச்சாம்" என்பார்கள். வண்டி போனால் பேரும் போச்சு. ஏழு வருஷமாக இவர் ஆறாம் நம்பர். தெருமுனைக் கடைக்காரர்கூட இவர் மனைவியை ஆறாம் நம்பர் வீட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்.

முதல் நடை விடியுமுன்னே. ஆகையால் வீட்டிலிருந்து பஸ் ஷெட்டுக்கு இருட்டிலேயே போயாக வேண்டும். போவது இந்த மோட்டார் சைக்கிளில். அவரைவிட நாலே வயசு இளையது. கறுப்பு டாங்கி, இரும்பு மட்கார்டு, மூன்றாம் உதைக்குக் கிளம்பும் இன்ஜின். ஹெட்லைட்டுக்கு அந்தக் காலத்து முப்பத்தைந்து வாட்ஸ் பல்பு. வண்டி நின்றால் மங்கும், முறுக்கினால் ஏறும். இருபத்தைந்து வருஷமாக அந்த வெளிச்சத்தில்தான் போய் வந்தார். குறை சொன்னதில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், தினமும் ஏறி இறங்குகிற வேகத்தடை கண்ணில் படவில்லை. தூக்கிப் போட்டது. சாப்பாட்டுத் தூக்கு உருண்டு ஓடியது. எதிரே வந்த லாரியின் விளக்கு பஞ்சுப் பொதி மாதிரி உப்பி, ரோட்டையே மூடிக்கொண்டது. அன்றைக்கே பல்பை மாற்றினார். அதே முப்பத்தைந்து வாட்ஸ், ஆனால் புதுசு. அன்று சாயங்காலம் இருட்டினதும் தெருவுக்குள் திரும்பியபோது வீட்டு வாசல் தூண் பளிச்சென்று தெரிந்தது. நிம்மதியாக மூச்சு விட்டார். பல்புதான்! ரோடு இன்னும் சரியாகத் தெரியவில்லை, அவ்வளவுதானே. இன்னும் பெரிய பல்பாகப் போட்டால் ரோடும் தெரியும்.

குற்றவாளி பல்பாக இருந்தால் வண்டி மிஞ்சும். கண்ணாக இருந்தால் ஆறாம் நம்பர் போச்சு. கம்பெனி விதி அப்படி. கண்ணில் கோளாறு என்று ஒரு தடவை காகிதத்தில் ஏறிவிட்டால், அப்புறம் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு வந்து எறும்புக்கு மீசை எண்ணிக் காட்டினாலும் ஸ்டியரிங் கிடையாது. கண் டாக்டரிடம் போகலாம் என்று மனைவி நாலு தடவை சொல்லிப் பார்த்தாள். டாக்டர் எழுதும் சீட்டு எந்த வழியில் ஷெட்டுக்கு வந்து சேரும் என்று யாருக்குத் தெரியும்? அவர் போகவில்லை.

அறுபது வாட்ஸ் பல்பை மாட்டி முடித்தார். நாலாம் நாள் காலை பாதி வழியில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது, விளக்கு செத்தது. வண்டியை ஷெட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்.

மெக்கானிக் சுவிட்சைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "யாருண்ணே இந்த வேலையைப் பார்த்த புண்ணியவான்?"

"நான்தான்."

"முப்பத்தஞ்சுக்குப் போட்ட ஒயருண்ணே இது. இதுல அறுபதைக் கொண்டுபோய் மாட்டினா? சுவிட்சு அல்வா மாதிரி உருகிக் கிடக்குது. கிழவி தலையில மூட்டை ஏத்தின கதையா இருக்கு."

"பேசாம வேலையைப் பாரு. வெளிச்சம் வேணும் எனக்கு. எவ்வளவு முடியுமோ அவ்வளவு."

மெக்கானிக் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான். பழைய ஒயரை உருவி எறிந்தான். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, சுவிட்சின் சுமையைத் தாங்க ஒரு ரிலேயும் வைத்தான். பழைய கண்ணாடிக் கிண்ணத்துக்குள் எல்.இ.டி. பல்பைப் பொருத்தினான். சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிப் பட்டறையை இருட்டாக்கினான். பின்சுவரிலிருந்து இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தி, ஆறாம் நம்பரை மேலே உட்காரச் சொன்னான். ஆள் உட்கார்ந்தால்தான் வெளிச்சம் விழும் உயரம் சரியாகத் தெரியும். சுவரில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு.

"போடறேன் பாருங்க!"

சுவர் வெளுத்தது. மெக்கானிக் கைதட்டினான். "பகல் மாதிரி இல்ல? கோட்டுக்கு ஒரு விரக்கடை கீழ, கச்சிதம். அட, அந்த வெல்டிங் பய எழுதி வச்சிட்டுப் போயிருக்கிறதைப் பாருங்களேன்! என்ன கொழுப்பு பாத்தீங்களா அவனுக்கு?" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தான்.

ஆறாம் நம்பரும் சிரித்தார். தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் கண்ணுக்குச் சுவரில் இருந்தது, நுரை தேய்த்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கு ஏற்றினது போல ஒரு வெள்ளைக் குழப்பம். கோடே தெரியவில்லை. எழுத்து எங்கே தெரியப்போகிறது?

மெக்கானிக்கின் சிரிப்பு முதலில் நின்றது. "என்னண்ணே எழுதியிருக்கான்?"

"அதான்... உன்னைத்தான் ஏதோ."

"படிங்களேன்."

ஆறாம் நம்பர் சாவியைத் திருப்பி விளக்கை அணைத்தார்.

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தான், நெடுநேரம் துடைத்தான். "இதுக்கு மேல பல்பு இல்லண்ணே," என்றான். "இனிமே பல்புக்குன்னு என்கிட்ட வராதீங்க."

அடுத்த வாரம் டிரைவர்களுக்குக் கண் பரிசோதனை. அதைப் பற்றி யாருக்கும் பயம் இல்லை. கம்பெனி மருத்துவ அறையில் தொங்கும் எழுத்து அட்டை பதினைந்து வருஷமாக அதே அட்டை. ஒன்பது டிரைவர்களுக்கும் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். புதுசாகச் சேருகிறவனுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆறாம் நம்பர் கோட்டில் நின்றார், மேலிருந்து கீழே ஏழு வரியும் ஒப்பித்தார். கம்பவுண்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் டிக் போட்டார்.

அந்த டிக்கோடு வீட்டுக்கு வந்தார். "பாஸ்!" என்றார் மனைவியிடம். "கண்ணு கண்ணுன்னு உயிரை எடுத்தியே. பாஸ்."

"அட்டையை ஒப்பிச்சீங்களா?"

"ஒப்பிச்சா என்ன? முதல் பல்பு போட்ட அன்னைக்கே வாசல் தூணு பளிச்சுனு தெரிஞ்சுது எனக்கு. கண்ணு அவிஞ்சவனுக்குத் தெரியுமா?"

அவள் காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "அதுக்கு முந்தின நாளு நீங்க அந்தத் தூணுல வண்டியை இடிச்சீங்க. மறந்துட்டீங்க. பல்பு போட்ட அன்னைக்கு மத்தியானம் நான்தான் அதுக்குச் சுண்ணாம்பு அடிச்சேன். ரெண்டு பூச்சு."

அவர் வாசலுக்குப் போய்த் தூணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது. அன்று அவர் சாப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஷெட்டு வாசலில் சாவிப் பலகை இருக்கிறது. ஒன்பது ஆணி, ஒன்பது சாவி. எடுத்துக் கொடுப்பது வாசலில் காவல் இருக்கும் கேட்காரர். அவருக்கு நம்பர் கிடையாது. ஆனால் ஏழு வருஷத்துக்கு முன் அவர்தான் ஆறாம் நம்பர். அப்போது இவர் மாற்று டிரைவர், எவனாவது லீவு போட்டால் ஓட்டுகிற ஆள். ஒருநாள் அவர் வண்டியைக் கேட் தூணில் லேசாக உரசியதை இவர் பார்த்தார். பார்த்துவிட்டு நேரே சூப்பர்வைசரிடம் போனார். "அந்தாளுக்குக் கண்ணு தெரியல சார். நாப்பது பேரு உயிரு சார்," என்றார். சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்வதற்கு முந்தின மூன்று மாதமும் ஆறாம் நம்பர் வண்டியின் முன்கண்ணாடியை யாரும் கேட்காமலே தினமும் துடைத்துக்கொண்டிருந்தார். இவர் எதைத் துடைத்தார் என்று இவருக்கே தெரியும்.

கேட்காரர் அப்புறம் ஆபரேஷன் செய்துகொண்டார். இப்போது குண்டூசி எழுத்துப் பேப்பரைக் கண்ணாடி இல்லாமல் படிக்கிறார், கேட்டில் உட்கார்ந்து.

மறுநாள் விடியுமுன் ஆறாம் நம்பர் வந்து கேட்டோரம் வண்டியை நிறுத்தினார். எல்.இ.டி. வெளிச்சம் ஷெட்டையே கழுவிவிட்டது போல் அடித்தது. கேட்காரர் கையைக் கண்ணுக்கு மறைத்துக்கொண்டார்.

"பல்பு மாத்தியிருக்கே போல," என்றார். ஏழு வருஷத்தில் அவர் சாவி நம்பரைத் தவிர வேறு பேசியது இதுதான்.

"ஆமாண்ணே."

"எத்தனாவது?"

"மூணு."

"நான் நாலு மாத்தினேன்." சாவியை ஆணியிலிருந்து எடுத்தார். "அட்டை பாஸா?"

"பாஸ்."

"நானும் பாஸ்தான்."

"அண்ணே, சூப்பர்வைசர்கிட்ட சொல்லப் போறீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? எனக்கு அந்தப் பழக்கம் இல்ல." கேட்காரர் தாடையால் ஷெட்டுப் பக்கம் காட்டினார். "சொல்றதுக்குத்தான் ஆளு வந்தாச்சே."

உள்ளே ஆறாம் நம்பர் வண்டியின் முன்கண்ணாடியை மாற்று டிரைவர் துடைத்துக்கொண்டிருந்தான். மூலை முடுக்கெல்லாம் விடாமல், எட்டி எட்டி. இவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே, தூசியா இருந்துச்சு, அதான்," என்று பல்லைக் காட்டினான்.

ஆறாம் நம்பர் ஏறி உட்கார்ந்தார். வண்டியைக் கிளப்பி விளக்கைப் போட்டார். எதிரே இருக்க வேண்டியது கேட்டின் இரண்டு தூண்கள். இருந்தது ஒரே வெள்ளை நுரை. அதற்குள் ஏதோ அசைந்தது. ஆளா, நிழலா? ஹார்ன் அடித்தார், அது விலகியது. ஆள்தான். முதல் நிறுத்தத்தில் இந்நேரம் நாற்பது பேர் தூக்குச்சட்டியோடு நிற்பார்கள். கை தானாகக் கியரைத் தேடியது. அப்படியே கொஞ்ச நேரம் கியர் மேல் கிடந்தது.

இன்ஜினை நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்.

சூப்பர்வைசர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு, "கண்ணு தெரியல சார்," என்றார். "நாப்பது பேரு உயிரு."

"யாருக்குய்யா கண்ணு தெரியல? போன தடவையும் இதே மாதிரிதான் வந்து நின்னே."

"எனக்குத்தான் சார்."

சூப்பர்வைசர் டீயைக் கீழே வைத்தார். அவரை ஏற இறங்கப் பார்த்தார். திட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டிக் கையெழுத்துப் போடச் சொன்னார். எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டினார். "கழுவுற இடத்துல ஆளு வேணும். நாளையிலிருந்து வா." அப்புறம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "யோவ், ஆறாம் நம்பர்!" என்று கத்தினார்.

அறைக்குள் இருந்தவர், "சார்," என்றார்.

"உன்னை இல்லய்யா."

மாற்று டிரைவர் துடைத்த துணியோடு ஓடி வந்தான். சாவியை எடுத்துக்கொண்டு போகிறபோது அவன் வாசலில் நின்று, "அண்ணே, உங்க பைக்கு லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. அணைச்சுடுங்க, கண்ணு கூசுது," என்றான்.

போய் அணைத்தார். அந்த ஷெட்டிலேயே பளிச்சென்ற விளக்கு அதுதான். ஆறாம் நம்பர் வண்டி அவரைத் தாண்டிக் கேட்டுக்குள் நுழைந்து, இரண்டு தூணுக்கும் நட்டநடுவே வெளியே போனது.

வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் விடியாமல் ரோட்டில் இறங்கப் பயமாக இருந்தது. கேட்டோரத்து பெஞ்சுக்கு வந்தார். மூன்று பேர் உட்காரக்கூடிய பெஞ்சு. நடுவில் கேட்காரர் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். இவர் பக்கத்தில் வந்து நின்றது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பக்கத்தைப் புரட்டினார். நகரவில்லை.

வெளிச்சம் வரும்வரை இவர் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.