என் மூத்தவனின் முழங்கை

என் மூத்தவன் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மூன்று மணி வரைக்கும் வேலை கிடையாது. ஆள் நல்ல உயரம், எங்கள் வீட்டு நிலைவாசலில் குனிந்துதான் நுழைவான். அவன் பெண்டாட்டி என் தோளுக்குத்தான் வருவாள். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். எட்டு மணிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாள்.

நான் இரண்டு தெரு தள்ளி மகள் வீட்டில் இருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு மட்டும் பதினோரு வருஷமாக மூத்தவன் வீட்டிலிருந்து வருகிறது. அடுக்குப் பாத்திரத்தில் அவனே கொண்டுவந்து வைப்பான். மருமகள் விடியும் முன்னே எழுந்து சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள், இவன் சூடுபண்ணி எடுத்து வருகிறான் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். "உன் பெண்டாட்டி கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்டா" என்பேன். அவன் "ம்" என்பான்.

இரண்டு வருஷமாக அவனுக்கு இடுப்பு வலி. எந்த வேலைக்கு முதுகு வளைகிறதோ அதை விடச் சொன்னார் டாக்டர். பேருந்து இருக்கைதான் காரணம் என்று நான் அடித்துச் சொன்னேன். வேலையை விடு, வேலையை விடு என்று தினமும் அவன் காதைக் குடைந்தேன். பத்தொன்பது வருஷ வேலை. இந்த மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று ஒருவழியாக ஒப்புக்கொண்டான். ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தேன்.

அப்போதுதான் சமையலறையை இடித்துப் புதுசாக்கினார்கள். மேடைக்குக் கல் பார்க்க என்னையும் கூட்டிப்போனார்கள். எனக்கு ஒரு வெள்ளைக்கல் பிடித்திருந்தது. கடைக்காரர் அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். கல் பளபளவென்று எழுந்து நின்றது.

"வெள்ளை வேணாம்மா. எலுமிச்சம்பழச் சாறு பட்டா அரிச்சு, தழும்பு விழுந்துடும்" என்றான் மூத்தவன்.

வாயே திறக்காதவனுக்கு எலுமிச்சம்பழத்தைப் பற்றி என்ன தெரியும்? அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. கறுப்புக்கல்லை வாங்கிக்கொண்டு வந்தோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கல் பதிக்கிறவர் வந்தார். காது மடலில் பென்சில். அவருக்கு ஒரு வழக்கம். சமைக்கிற ஆளை நிற்கவைத்து, கையை மடக்கச் சொல்லி, முழங்கைக்கு ஆறு விரல் கீழே சுவரில் கோடு போடுவார். அதுதான் மேடையின் உயரம்.

"சமைக்கிறவங்க வந்து நில்லுங்க."

மருமகளைப் பிடித்துத் தள்ளினேன். நின்றாள். கோடு விழுந்தது.

"காய் நறுக்குறது அடுப்புக்கு எந்தப் பக்கம்மா?"

அவள் மூத்தவனைப் பார்த்தாள்.

"இடது பக்கம்" என்றான் அவன்.

"பெரிய பாத்திரம் எங்க இறக்குவீங்க?"

மறுபடியும் அவனைப் பார்த்தாள். "சன்னலோரம். ஆவி அலமாரியில படக்கூடாது. தொட்டி ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும், கழுவுற தண்ணி அடுப்புல தெறிக்குது" என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான்.

கல் பதிக்கிறவர் பென்சிலைக் கீழே இறக்கினார். "ஏன் சார், அப்ப நீங்கதானே வந்து நிக்கணும்?"



"போதுங்க, சொல்லிடுங்க" என்றாள் மருமகள், அவனிடம். அவன் தரையைப் பார்த்தான். அவளே என் பக்கம் திரும்பினாள். "அத்தை, எனக்கு டீ போடத்தான் தெரியும்."

 மூத்தவன் பக்கம் திரும்பினேன்.

"பதினோரு வருஷமாவாடா?"

"ம்."

"ஏன்டா சொல்லல?"

"ஆம்பளை பொங்குன சோத்தைத் தொடமாட்டேன்னு நீதானேம்மா சொன்னே."

சொன்னேன்தான். அவனுக்குக் கல்யாணமான புதிதில், கரண்டியும் கையுமாக நின்றவனைப் பார்த்துச் சொன்னேன். நான் மறந்துவிட்டேன். அவன் மறக்கவில்லை.

"அப்ப நான் உன்னைப் புகழ்ந்ததெல்லாம்?" என்று மருமகளைக் கேட்டேன்.

"ஒண்ணு விடாம அவர்கிட்ட சேத்துடுவேன் அத்தை. நான் எதையும் வச்சுக்கல."

கல் பதிக்கிறவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூத்தவனை நிற்கவைத்து இன்னொரு கோடு போட்டார். முதல் கோட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண். "பழைய மேடை இதைவிடத் தாழ்வால்ல இருந்துச்சு? இந்த உயரத்துக்கு அதுல தினம் ரெண்டு மணி நேரம் வளைஞ்சு நின்னா, இடுப்பு என்னத்துக்கு ஆகும் சார்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.  இந்த வீட்டில் நான் சமைத்துக்கொண்டிருந்த காலத்தில் பழைய மேடையை என் உயரத்துக்குக் கட்டவைத்தவள் நான். பேருந்து இருக்கைமேல் பழி போட்டு, பிள்ளையின் வேலைக்கு உலை வைத்தவளும் நான்.

"பாட்டிம்மா, எந்தக் கோட்டுல வைக்கட்டும்?"

கீழ்க்கோட்டை எச்சில் தொட்டு அழித்தேன். போகவில்லை, கரியாக அப்பிக்கொண்டது. "மேல இருக்கிறதுல வை. ஒரு நூல் இறங்கினாலும் பேத்து எடுக்கச் சொல்லுவேன்" என்றேன். பிறகு மூத்தவனைப் பார்த்தேன். "வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்துட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"குடுக்காதே."

தலையாட்டினான். தயங்கித் தயங்கிக் கேட்டான். "இனிமே சாப்பாடு கொண்டு வரட்டுமா, வேணாமா?"

"கொண்டு வா. கீரையில உப்பைக் குறை. மருமக மனசு நோகும்னு இத்தனை வருஷமா வாயை மூடிக்கிட்டுத் தின்னிருக்கேன்."