ரங்கூன் டீச்சர்

கணவரோடு ரங்கூனுக்குப் போன சம்பூர்ணம், சந்தைக்காரிகளிடம் பர்மிய மொழியையும் பக்கத்து வீட்டுச் சீனப் பெண்ணிடம் அவள் மொழியையும் ஆசை ஆசையாகக் கற்றுக்கொண்டாள். ஊரிலிருந்து புதிதாக வந்த தமிழ்ப் பெண்களுக்கு மாலையில் பர்மிய மொழி சொல்லிக்கொடுத்தாள். பிள்ளையில்லாத குறையே அவளுக்குத் தெரியவில்லை. அறுபத்து நாலில் இந்தியர்களை வெளியேற்றியபோது, கணவரின் கல்லறையை அங்கேயே விட்டுவிட்டு, காஞ்சிபுரத்தில் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

இங்கே அந்த மொழிகள் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. கூலிக்குப் பட்டு நூல் சுற்றினாள். பேச ஆளில்லாமல் சொற்கள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வந்தன.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அன்னம்மாளைப் பார்த்தாள். ரங்கூனில் அவளிடம் படித்தவர்களிலேயே கெட்டிக்காரி. சம்பூர்ணம் சந்தோஷத்தில் பர்மிய மொழியிலேயே நலம் விசாரித்தாள். அன்னம்மாளின் முகம் சுருங்கிவிட்டது.

"தமிழ்ல பேசுங்க டீச்சர். எங்க கடைய எடுத்துக்க வந்த பட்டாளத்துக்காரங்க, வெளிய போன்னு அந்தப் பாஷையிலதான் சொன்னாங்க. எங்க வூட்டுக்காரருக்குப் புரியல. என்னான்னு கேட்டுக்கினே இருந்தாரு. நான்தான் தமிழ்ல எடுத்துச் சொன்னேன். கேட்டதும் மாரைப் புடிச்சிக்கினு வுழுந்தவரு எழுந்திருக்கவே இல்ல. நீங்க எனக்குச் சொல்லிக்குடுக்காமலே இருந்திருக்கலாம்."

பஸ் வந்ததும் அன்னம்மாள் ஏறிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு, ரங்கூனில் இருந்தவர்தானே என்று யாராவது கேட்டால், சம்பூர்ணம் இல்லை என்று சொல்லிவிடுவாள்.