மாமாவின் வலது காது

எட்டு வயதில் எனக்குக் குரல் இருந்ததா என்று கேட்டால், வீட்டில் இருந்தது, பள்ளிக்கூடத்தில் இல்லை. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஒரே அறை, ஒரே வாத்தியார், அறுபது பிள்ளைகள். முதல் தடவை எழுந்து வாசித்தபோது என் குரல் நடுங்கியது, எல்லாரும் சிரித்தார்கள். அதோடு வாயை மூடிக்கொண்டேன். பரீட்சை பார்க்க வரும் இன்ஸ்பெக்டர் துரையிடமும் வாசிக்காவிட்டால், தம்பியைப் பார்த்துக்கொண்டு லயத்து வீட்டிலேயே கிடக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஒற்றை ஆளாகத் திணறிய வாத்தியார், எழுத்துத் தெரிந்த பெரியவர்கள் வந்து சின்னப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டால் புண்ணியமாகப் போகும் என்று லயம் லயமாகப் போய்க் கேட்டார். வந்தவர் என் தாய்மாமா ஒருவர்தான். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை முடிந்து, மேலெல்லாம் தூசியோடு வந்து ஒரு பெட்டிமேல் உட்காருவார்.

முதல் நாளே என்னை வலப்பக்கம் நிறுத்தி, "மெசின் சத்தத்துல இந்தக் காது போயிருச்சு. ஸ்டோருக்குள்ள கூப்புடுற மாதிரி படி தாயி" என்றார். படித்தேன். கேட்கவில்லை என்று தலையாட்டினார். கத்தினேன். காதில் கையைக் குவித்துச் சாய்ந்தவர் பெட்டியிலிருந்து விழப்பார்த்தார். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள், என்னைப் பார்த்து அல்ல. செவிட்டு மாமா என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. வாரத்துக்கு வாரம் பெட்டியும் வாசல் பக்கமாகத் தள்ளிப்போனது.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். வீட்டில் அம்மா அடுப்படியிலிருந்து ரொட்டி தின்ன மெல்லக் கூப்பிட்டால் மட்டும் உடனே எழுந்து போவார். சாப்பாட்டுக்கு மட்டும் திறக்கிற காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

துரை வந்த அன்று மாமா வெளியே கொய்யா மரத்தடியில் நின்றார். அவருக்குக் கேட்கவேண்டுமே என்று தொண்டை கிழிய வாசித்தேன். துரை உட்கார்ந்திருந்த கதிரையோடு பின்னால் நகர்ந்தார். வாத்தியார் என் தோளைத் தொட்டு, "மெதுவா தாயி. தொரைக்குக் காது நல்லாக் கேக்கும்" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுநாள் அப்பா கண்டி டவுனுக்கு நடந்துபோய்ப் புதுச் சிலேட்டு ஒன்று வாங்கிவந்தார்.

மாமா என்னை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அவருடைய வலப்பக்கம் நின்று, மற்றவர்களுக்குக் கேட்காமல் முணுமுணுத்தேன்: "எனக்கு ஒண்ணும் வேணாம் ஆத்தா. மாமா காதைத் திருப்பிக் குடுத்துரு."

நிமிர்ந்து பார்த்தால் மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கற்பூரப் புகை பட்டுவிட்டது போலிருக்கிறது என்று அவர் கையைப் பிடித்து, காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிறுத்தினேன்.