எந்தத் தேதியில் திறப்பது

காலை ஒன்பது நாற்பதுக்கு அல்லிநகரத்தில் என் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையைத் திறக்க வந்தேன். படியில் ஒரு சோப்பு டப்பா இருந்தது. அதற்கு இரண்டு பக்கமும் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சின் மேல் ஒரு வீடியோ கேம் கேட்ரிட்ஜ், கருவியில் செருகி ஆடும் சின்ன வில்லை.

மனைவி ஸ்டெல்லா, கடமலைக்குண்டு பக்கம் பள்ளி ஆசிரியை. கணவர் அந்தோணி, மயிலாடும்பாறையில் விவசாயி. கல்லூரியில் படித்த ஒரே மகன் பிரிட்டோ முந்தின வருடம் பைக் விபத்தில் இறந்துவிட்டான். அவன் பையிலிருந்த கையடக்க கேம் கருவி நொறுங்கிவிட்டது. கேட்ரிட்ஜ் மட்டும் தப்பியது.

"அவன் ஆடுனத ஒருதரம் பாக்கணும் சார்" என்றார் டீச்சர். மதுரையில் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கருவி இப்போது வருவதில்லையாம்.

இதற்கு எமுலேட்டர் போதும். கம்ப்யூட்டரைப் பழைய கேம் கருவியாக நடிக்கவைக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். எங்கெங்கோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் எழுதுவது. அதில் பிழை கண்டால் நானும் திருத்தி எழுதி அனுப்புவேன். கவலை வேறு. பிரிட்டோ சேமித்த ஆட்டம் கேட்ரிட்ஜுக்குள் இருக்கும் சின்ன பேட்டரியின் தயவில் நின்றது. பேட்டரி தீர்ந்தால் அதுவும் அழிந்துவிடும். கேட்ரிட்ஜைப் படிக்கும் ரீடரில் செருகி, அந்தச் சேமிப்பு இருக்கும் சேவ் ஃபைலை முதலில் எடுத்தேன். பழுதில்லாமல் வந்தது.

அது விவசாய ஆட்டம். நிஜக் கடிகாரத்தை வைத்து ஓடும். தண்ணீர் விடாவிட்டால் பயிர் காயும். இன்றைய தேதியில் திறந்தால் கவனிப்பாரில்லாமல் கிடந்த வயல்தான் தெரியும், எமுலேட்டரில் வேறு தேதியும் வைக்கலாம் என்று இருவரிடமும் சொன்னேன்.

"நெலம்னா இன்னைக்கி எப்பிடிக் கெடக்குன்னுதான் பாக்கணும். இன்னைக்கித் தேதியிலயே தெறங்கண்ணே" என்றார் அந்தோணி.

திறந்தேன். மேலே பிரிட்டோ என்ற பெயர். கீழே வரிசை வரிசையாகப் பழுப்புக் குச்சிகள், நடுவில் களை. டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பரீட்சை நாளில்கூட அவன் தண்ணீர் விடாமல் போனதில்லை என்றார். சேமிக்காமல் மூடினேன்.

அவன் கடைசியாகச் சேமித்த தேதி முதல் திரையிலேயே இருந்தது. விபத்துக்கு முந்தின நாள். கடிகாரத்தை அந்தத் தேதியிலேயே நிறுத்தி மறுபடி திறந்தேன். வயல் முழுக்கத் தக்காளிக் காய். எல்லாம் எப்போது பழுக்கும் என்று அந்தோணி கேட்டார். தேதியைக் கட்டிவைத்திருப்பதால் பழுக்காது என்றேன்.

"அப்ப இங்கன விடியவே விடியாதா?"

"விடியாம கெடக்கட்டும்" என்றார் டீச்சர். "விடிஞ்சு என்ன ஆச்சுன்னுதான் பாத்தோம்ல."

அந்தோணி ஒத்துக்கொள்ளவில்லை. பறிக்கத்தானே அவன் நட்டான், காய் பிடித்த செடியைப் பழுக்கவிடாமல் வைப்பது பாவம் என்றார். தண்ணீர் விட எந்த பட்டன் என்று என்னிடம் கேட்டார்.

"நெசத் தக்காளி வெலயில்லாம ரோட்டுல கொட்டிக் கெடக்கு. இவுக இங்கன வெள்ளாம பாக்கப் போறாகளாம்" என்றார் டீச்சர்.

அவர்கள் கொண்டுவந்திருந்த பிரிட்டோவின் லேப்டாப்பில் இரண்டு காப்பி போட்டுக் கொடுத்தேன். ஒன்றில் தேதி நிற்கும். மற்றதில் அதே நாளில் தொடங்கி, நாளுக்கு நாள் நகரும். எது ஒரிஜினல் என்று டீச்சர் கேட்டார். ஃபைலில் அப்படி வித்தியாசம் கிடையாது என்றேன். அவன் கைபட்டது எது என்றார். கேட்ரிட்ஜைக் கொடுத்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். சேவ் ஃபைலை மீட்பது நம் வேலை. எந்தத் தேதியில் திறப்பது என்பதை வீட்டார்தான் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு தேதி வந்தால் இரண்டையும் கொடுங்கள், எது சரி என்று பேசாதீர்கள்.

சில மாதம் கழித்து சார்ஜர் மாற்ற அந்தோணி தனியாக வந்தார். லேப்டாப்பை இயக்கிப் பார்த்தேன். அவருடைய காப்பியில் தக்காளி பறித்தாகிவிட்டது, அடுத்த போகம் கத்தரி நின்றது. ஒரு செடி வாடவில்லை. மயிலாடும்பாறை நிலத்தில் இப்போது என்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

அதைக் குத்தகைக்கு விட்டுவிட்டதாகச் சொன்னார்.