பேரன் பாவிக்கும் கணினி

எங்கள் வீட்டு விறாந்தையோடு ஒட்டிய அறையில் ஒரு கணினி இருக்கிறது. மகன் பாகம் பாகமாக வாங்கித் தன் கையாலேயே பூட்டியது. அதில் அவன் கேம் விளையாடினான், இசையும் அமைத்தான். வெளிநாடு போனபோது, கொண்டுபோக முடியாதவை என்று அவன் விட்டுச் சென்றவற்றில் அந்தக் கணினியும் நாங்கள் இருவரும் அடக்கம்.

அவன் செய்த இரண்டு வேலைகளையும் நாங்கள் பங்கிட்டுக்கொண்டோம். இசை மனைவிக்கு, கேம் எனக்கு. நான் கச்சேரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: யாழ்ப்பாணத்தில் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம். பாட்டுக் கச்சேரியை வீட்டில் என் மனைவி நடத்தினாள். அவள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் வீடியோவில் சொல்லிக்கொடுக்க, தட்டுத்தடுமாறிப் பழகி, கோப்பாய்ச் சந்தியில் ஸ்டூடியோ வைத்திருப்பவருக்குச் சாமத்திய வீட்டு, அதாவது பூப்புனித நீராட்டு விழா, வீடியோக்களுக்கான பின்னணி இசை செய்து கொடுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். ஊரில் பெரியபிள்ளையான பிள்ளைகள் பலர் என் மனைவியின் வயலினுக்குத்தான் படியிறங்கி வந்தார்கள். அந்த வயலினும் கணினிக்குள் இருப்பதுதான்.

என் கேம், லொறி ஓட்டுவது. சாமான் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா முழுவதும் ஓட வேண்டும். வாழ்க்கையில் நான் சைக்கிளுக்கு மேல் எதையும் ஓட்டியதில்லை. கேமில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. ஒரு குறைதான்: கணினி பழசு. மழை பெய்தால் கண்ணாடியில் துளிகள் விட்டுவிட்டு விழும், வைப்பர் நடுவில் நின்று யோசிக்கும். புதிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட்டால் மழை ஒழுங்காகப் பெய்யும் என்று இணையத்தில் வாசித்திருந்தேன். மழைக்காகக் கணினிக்குச் செலவழிக்கலாமா என்று மனைவியிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

இந்த நிலையில்தான் மனைவி முதன்முறையாகச் சொந்தமாக ஒரு பாட்டுச் செய்தாள். சாமத்திய வீட்டுக்கு அல்ல. கிணற்றடியில் நிற்கும், காய்க்காத எலுமிச்சை மரத்தைப் பற்றியது. மெட்டும் வரிகளும் அவளுடையவை. பாட வேண்டியவர் அவளுடைய அக்கா, எனக்கு மச்சாள். மச்சாளுக்கு அந்த வயதிலும் ஒரு பிசிறும் இல்லாத குரல். ஆனால் கழுத்தில் கட்டி என்று வியாழக்கிழமை சத்திரசிகிச்சைக்கு நாள் வைத்திருந்தார்கள். குரல் மாறக்கூடும், போகவும் கூடும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதனால் அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நெல்லியடியிலிருந்து பஸ் ஏறி மச்சாள் பாட வந்தார்.

மின்விசிறியை நிறுத்தினோம். பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டரை நிறுத்தச் சொல்லி என்னை அனுப்பினார்கள். நிறுத்திவிட்டு வந்து கதவடியில் நின்றேன். மச்சாள் முதல் சரணத்தை ஒரே மூச்சில் பாடி முடித்தார். இரண்டாவது சரணத்தின் நடுவில் கணினி நின்றது. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது.

"இஞ்சாருங்கோ, என்னவோ இங்கிலிஷிலை போட்டிருக்கு, என்னெண்டு பாருங்கோ" என்றாள் மனைவி, மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டு.

பார்த்தேன். ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று போட்டிருந்தது. இடமில்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அதற்கு முதல் வாரம்தான் லொறி கேமுக்கு மேலும் சில நாடுகளை இணையத்திலிருந்து இறக்கியிருந்தேன். மனைவி கண்ணாடியை எடுத்து மாட்டுவதற்குள் நான் ஓகேயை அழுத்திவிட்டேன். பெட்டி மறைந்தது.

"கொம்பியூட்டர் கிழண்டிப்போச்சு" என்றேன். "இனி அப்கிரேட் பண்ணாமல் சரிவராது."

மச்சாள் சிரித்தார். "எனக்கு முன்னம் உங்கடை பெட்டிக்குத் தொண்டை கட்டிட்டுது."

நான் செய்திருக்க வேண்டியது, கேமை அழிப்பது. ஒரு தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் முடிந்திருக்கும். மச்சாள் அன்றே மிச்சத்தைப் பாடிவிட்டுப் போயிருப்பார். நான் செய்தது, கிராபிக்ஸ் கார்ட்டை நினைத்தது. வேறு வழியில்லாமல் அப்படி நடந்துவிட்டது என்று எழுதலாம். வழி இருந்தது. அது திரையில் எழுதியிருந்தது. அதை வாசித்தவன் நான் ஒருவன்தான்.

மச்சாள் பின்னேர பஸ்ஸில் திரும்பினார். செவ்வாய்க்கிழமை வரை வீட்டில் இருப்பேன், பெட்டி சரிவந்தால் சொல்லுங்கோ, ஓடி வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அன்றிரவு மகனோடு வீடியோ அழைப்பில் ஆலோசனை நடந்தது.

"அப்பா, டிஸ்க் நிரம்பிட்டுதோ எண்டு பாத்தனீங்களோ?" என்றான். அவன் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"பாத்தனான். இடம் கிடக்கு."

"அப்ப என்னெண்டு விளங்கேல்லை. ஆனா உதுக்குக் காசு போடாதேங்கோ. எல்லாம் பழைய சாமான். ஒண்டை மாத்தினா மற்றதையும் மாத்தச் சொல்லும்."

"அது நேற்று வரைக்கும் நல்லாத்தானே ஓடினது" என்றாள் மனைவி. "ஒரு நாளிலை ஆரும் கிழண்டுறதோ?"

"உள்ளுக்குள்ளை நடக்கிறது வெளியிலை தெரியாது" என்றேன். அவள் தாதி. அதை ஒப்புக்கொண்டாள்.

திங்கட்கிழமை கணினியைப் படுக்கைவிரிப்பால் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சுன்னாகத்தில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடையில் இருந்த தம்பி மூடியைக் கழற்றி ஊதினார். மகன் போன நாளிலிருந்து சேர்ந்த தூசி எழும்பியது.

"இதை ஆர் ஐயா பாவிக்கிறது?"

எங்கள் ஊரில் பாவிப்பது என்றால் பயன்படுத்துவது. எத்தனையோ வருடம் அலுவலகத்தில் அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன், அதற்குள் ஒரு பாவி இருப்பது அன்றுதான் காதில் விழுந்தது. வெள்ளை வேட்டியோடு நின்றுகொண்டு, லொறி ஓட்டுவது நான் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

"பேரன்" என்றேன்.

"கேமோ?"

"ஓம். மழை பெய்யேக்கை இழுபடுதாம்."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கார்ட் கொழும்பிலிருந்து வர வேண்டும், புதன்கிழமை வரும், பூட்டிவிட்டு அழைக்கிறேன் என்றார். நான் வீட்டுத் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். பொய் சொல்பவன் கைத்தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்க வேண்டும். எனக்கு அனுபவம் போதாது.

செவ்வாய்க்கிழமை மனைவி இரண்டு தரம், கடைக்குப் போன் எடுத்துக் கேளுங்கோ என்றாள். நான் இரண்டு தரமும் கைத்தொலைபேசியோடு முற்றத்துக்குப் போய் நின்றுவிட்டு வந்து, இன்னும் முடியவில்லை என்றேன். புதன் காலை மச்சாளை ஆஸ்பத்திரியில் அனுமதித்தார்கள்.

அன்று மதியம் கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். மனைவி சோற்றுச் சட்டியோடு வந்து நின்றாள்.

"பேரனுக்குச் சோறு போடட்டோ?"

"எந்தப் பேரன்?"

"கடைக்காரத் தம்பி போன் எடுத்தவர். பேரன்ரை லொறி டிஸ்க் முழுக்கப் பிடிச்சுக்கொண்டு நிக்குதாம். அதுக்கு மேலை கார்ட் போட்டும் பிரயோசனமில்லையாம். அழிக்கட்டோ எண்டு கேட்டார்." சோற்றைப் போட்டாள். "எங்கடை பேரனுக்கு இப்பத்தான் பல்லு முளைக்குது. அதுக்கிடையிலை லைசென்ஸ் எடுத்திட்டான்."

நான் சோற்றைப் பார்த்தேன்.

"என்ன சொன்னனீர்?"

"அழியுங்கோ எண்டன். கார்ட்டைத் திருப்பி அனுப்பச் சொன்னன்." குழம்பை ஊற்றினாள். "நேற்றுத் தெரிஞ்சிருந்தா அக்காவைக் கூப்பிட்டுப் பாடிச்சிருப்பன்."

அதற்குப் பிறகு அவள் அதைப்பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது" என்றாள்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. கட்டி கெட்ட கட்டியல்ல. குரல்தான் டொக்டர் சொன்னபடி மாறிவிட்டது. கனத்து, கீழே இறங்கி, ஓரத்தில் கரகரத்தது. தைப்பொங்கல் கழிந்து மச்சாள் மறுபடி வந்தார். நான் யாரும் சொல்லாமலே பக்கத்து வீட்டு மோட்டரை நிறுத்தப் போனேன். முதல் சரணம் பழைய குரலில் பத்திரமாக இருந்தது. அதைக் கைவிட மனைவிக்கு மனமில்லை. நடுவில் வயலினால் ஒரு துண்டு வாசித்து, அந்தத் துண்டுக்குள் சுருதியை மெல்ல இறக்கி, இரண்டாவது சரணத்தை மச்சாளின் புதிய குரலுக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். கணினி ஒருமுறைகூட நிற்கவில்லை. உள்ளிருந்து தூசியும் லொறியும் போனதைத் தவிர எதுவும் மாறியிருக்கவில்லை.

மச்சாளிடம் உண்மையை நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழுத்துத் தழும்பைத் தடவினார். "எந்த நாட்டுக்கு ஓடினனீங்கள்?" என்றார். நோர்வே என்றேன். "குளிரோ?" என்றார்.

மகன் இப்போதும் சில சமயம் கேட்பான், உதை மாத்துவமோ அம்மா என்று. பேரனைக் கேட்டுச் சொல்கிறேன் என்பாள் மனைவி. மகன் தன் பிள்ளையைச் சொல்வதாக நினைத்துச் சிரிப்பான். நான் எழும்பி வெளியே போவேன்.

போன கிழமை ஸ்டூடியோக்காரர் வீட்டுக்கு வந்து பாட்டைக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்டார்.

"ரெண்டு பேரும் நல்லாப் பாடியிருக்கினம்" என்றார். "முதல் பாடினவவை எனக்கு ஒருக்கா அறிமுகப்படுத்தி வையுங்கோவன். ஒரு கலியாண வீட்டு வீடியோவுக்குப் பாட வேணும்."

மனைவி என்னைப் பார்த்தாள்.

"அவ இப்ப பாடுறதில்லை" என்றேன்.