துறைமுகம் இல்லாத கிள்ளான் லைன்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எங்களுக்குக் கிடைத்தது ஒரே அறை. அந்த அறையின் ஒரு சுவர் நெடுக, இடுப்பு உயரத்தில், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் போகும் ரயில்பாதை இருந்தது. நானும் என் மனைவியும் பலகையின் மேல் செய்தது.

நான் யார்டில் பாயிண்ட்ஸ்மேன். வண்டி எந்தத் தண்டவாளத்துக்குப் போகவேண்டுமோ அந்தப் பக்கம் நெம்புகோலைத் தள்ளிவிடும் வேலை. படிப்பு, தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்போடு சரி. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்க வராது. கல்யாணமான புதிதில் மனைவியிடம்கூட அப்படித்தான். வேலை முடிந்து வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். அவள் ஏதாவது கேட்டால் ம் என்பேன்.

ஒரு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது, வெள்ளைக்காரர்கள் சாமான் வாங்கும் ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்குள் சாவி கொடுத்த பொம்மை ரயில் ஓடிக்கொண்டிருந்தது. நான் நின்றுவிட்டேன். அவளும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"இது எந்த ஊருக்குங்க போவுது?" என்று கேட்டாள்.

எந்த ஊருக்கும் இல்லை, சும்மா சுற்றும் என்றேன்.

"ஊருக்குப் போவாத ரயிலு எதுக்கு?"

வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். வாசலுக்கு வந்ததும், கிள்ளானுக்குப் போகிற மாதிரி ஒன்று நாமே செய்யலாமா என்று கேட்டேன். அவ்வளவு பெரிய வாக்கியத்தை நான் பேசி அவள் அதுவரை கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

பலகை, உடைத்துப் போட்ட சரக்குப் பெட்டிகளிலிருந்து வந்தது. பெட்டியைச் சுற்றிக் கட்டும் தகரப் பட்டையை நீளவாக்கில் வெட்டித் தண்டவாளம் ஆக்கினேன். குறுக்குக் கட்டைக்குத் தென்னை ஈர்க்கு. எஞ்சினை மரத்தில் செதுக்கினேன், பெட்டிகள் தீப்பெட்டிகள். கையால் தள்ளினால்தான் ஓடும். கோலாலம்பூர் ஸ்டேஷனின் கும்மட்டங்களுக்கு என்ன செய்வது என்று நான் விழித்தபோது, அவள்தான் ரப்பர் கொட்டைகளைச் சுண்ணாம்பில் தோய்த்துக் காயவைத்தாள். மரங்களும் அவள் வேலை. முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் கூட்டைப் பிய்த்து, பாண்டான் இலையை இடித்த சாற்றில் ஊறவைத்து, குச்சியில் செருகி நடுவாள். அந்தப் பச்சை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் ஊறவைத்தால் மஞ்சளாகத்தான் வெளுக்கும்.

சுவரின் நீளத்துக்குள் எல்லா ஸ்டேஷன்களும் அடங்கவில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்பதில்தான் எங்களுக்குள் பேச்சு வளர்ந்தது. சண்டை என்றும் சொல்லலாம். பாடாங் ஜாவா வேண்டும் என்றேன், அங்கே தண்டவாளம் வளையும் இடம் எனக்குப் பிடிக்கும். அவள் பத்து தீகா ஸ்டேஷன் இல்லாமல் முடியாது என்றாள். அவள் வளர்ந்த தோட்டம் அங்கே இருந்தது. கண் பார்வை மங்கிப்போன அவள் அம்மா இன்னமும் அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில்தான் இருந்தார்கள். பத்து தீகா ஜெயித்தது. பக்கத்து அறையில், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் இருந்தார். அவருக்கு பாடாங் ஜாவாவில் பெண் கொடுத்திருந்தார்கள். அவர் வந்து பார்த்துவிட்டு, "எங்க ஊரையே தூக்கிட்டீங்களே அண்ணே, என் மாமியார் எப்படி லா வரும்?" என்றார். "வரவேணாம்னுதானே தூக்கினோம், உங்களுக்குப் பண்ண உபகாரம்" என்று இவள் அடுப்பிலிருந்து பதில் சொன்னாள்.

நான் பலகை முன்னால் குந்தியிருந்தால் அந்த அறையில் நடக்க இடம் இருக்காது. தண்ணீர்க் குடத்தோடு வருபவள் என் பின்னால் நின்று, "லைன் கிளியரா?" என்பாள். ஒரு ஸ்டேஷன் அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு, அது சரி என்றபிறகுதானே வண்டி நகரும். நான் முதுகை ஒடுக்கிக்கொண்டு "கிளியர்" என்பேன். பிறகு அது எங்கள் வீட்டுப் பேச்சாகவே ஆகிவிட்டது. சாப்பிட வரலாமா என்பதற்கும் அதுதான், கோபம் தீர்ந்ததா என்பதற்கும் அதுதான்.

நிஜமான பாதை கிள்ளானைத் தாண்டி போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் வரை போகும். பலகையில் அதற்கும் வழி பார்க்கலாம் என்று நான் சொன்னபோது மட்டும் அவள் முகம் மாறிவிட்டது. சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு அந்தத் துறைமுகத்துக்குத்தான் வந்திருக்கிறாள். கப்பலில் வந்தவர்களை நோய்க்குப் பயந்து தனியாக அடைத்துவைத்த முகாமில் அவள் தங்கச்சி இறந்துபோனது. முகாமிலிருந்து வெளியே விட்ட அன்று நிழலே இல்லாத வெயிலில், ஒரு ஆள் குறைவாக ரயிலுக்கு நின்றிருந்தார்கள். "போர்ட்டு வேணாம். கிள்ளானோட நிக்கட்டும்" என்றாள். கிள்ளானில் தண்டவாளத்தின் முனையில், வண்டி முட்டி நிற்க ஒரு கட்டையை அறைந்துவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பிறகு ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். வேலை செய்ய முடியாதவர்களை முதலில் ஊருக்கே திரும்பக் கப்பலேற்றினார்கள். அவள் அம்மாவின் முறையும் வந்தது. எங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். அம்மாதான், சாகிற காலத்தில் தம்பியிடமே போய்விடுகிறேன் என்று பிடிவாதமாக நின்றார்கள். கண் தெரியாதவரைத் தனியே அனுப்ப முடியாது. கொண்டுபோய் மாமா வீட்டில் விட்டுவிட்டுத் தை முடிவதற்குள் வந்துவிடுகிறேன் என்று இவள் கிளம்பினாள்.

வழியனுப்ப போர்ட் வரை போனேன். அம்மாவை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்துவிட்டு அவள் என் பக்கம் வந்தாள்.

"ஏங்க, போர்ட்டையும் போட்டு வைங்க."

நீதானே வேண்டாம் என்றாய் என்றேன்.

"அப்ப வேணாம்னேன். இப்ப நான் வந்து எறங்க எடம் வேணாமா? கிள்ளான் வரைக்கும் நடந்தா வருவேன்? நான் வரும்போது லைன் கிளியரா இருக்கணும்."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். கிளியர் என்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

கிள்ளானுக்கு அப்புறம் சுவர் இல்லை, வாசல்தான். அதனால் வாசலின் குறுக்கே, வேண்டும்போது தூக்கி எடுத்துவிடக்கூடிய ஒரு பலகைத் துண்டைப் போட்டேன். அந்தப் பக்கம் அவளுடைய தகரப் பெட்டி இருந்தது. அதன்மேல் கட்டைகளை அடுக்கித் துறைமுகத்தைக் கட்டினேன். படகுத்துறை, கிடங்கு, டிக்கெட் கொடுக்கும் இடம். கிள்ளானில் அறைந்த கட்டையைப் பிடுங்கிப் பாதையைச் சேர்த்தேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் பலகைக்கு அடியில் குனிந்துதான் நுழைவேன். ஃபயர்மேன் வாசலில் நின்று, "லைன் கிளியரா அண்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் குனிவார். கடைசியாக ரயிலைப் போர்ட்டுக்குத் தள்ளிக் கொண்டுபோய், எஞ்சினைக் கழற்றி மறுபுறம் மாட்டி, கோலாலம்பூரைப் பார்த்து நிறுத்திவைத்தேன். அவள் வந்து ஏறவேண்டியதுதான் பாக்கி.

தையில் அவள் வருவதாக இருந்த கப்பலுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். இறங்கியவர்கள் எல்லோரும் போனபிறகு, கையில் துணி மூட்டையோடு ஒரு ஆள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் மாமாவின் ஊர்க்காரர். நான் யார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபின் மூட்டையை என்னிடம் கொடுத்தார். ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து, அவள் அம்மாவுக்கு முந்தியே அவள் போய்விட்டாள் என்று சொன்னார். மூட்டைக்குள் காய்ந்த பீர்க்கங்காய்கள் இருந்தன.

"படுக்கையில கெடந்துக்கிட்டே, கப்பலுக்கு யாரு போறாங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க அண்ணே. போர்ட்டுல நிக்க நெழலே இல்ல, இத நட்டு வைக்கச் சொல்லுங்கன்னாங்க. காஞ்ச பீர்க்கங்காய எப்படி நடுறது? காய்ச்சல்ல பெனாத்துறாங்கன்னு நெனச்சோம். இருந்தாலும் கடைசியா கேட்டதாச்சேன்னு எடுத்தாந்தேன்."

அவள் பிதற்றவில்லை என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல வேண்டுமானால் பலகை, தீப்பெட்டி, பத்து தீகா எல்லாவற்றையும் சொல்லவேண்டும். மூட்டையை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். வண்டி நகர்ந்தபோது, போர்ட்டில் நிஜமாகவே ஒரு மரம்கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். வாசலில் குனிந்து வரவேண்டியிருந்ததால், ஃபயர்மேன் அந்தப் பலகைத் துண்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். அன்று யாரும் லைன் கிளியரா என்று கேட்கவில்லை.

சில வாரம் கழித்து மூட்டையைப் பிரித்து, பீர்க்கங்கூட்டைப் பிய்த்து, குச்சியில் செருகிப் படகுத்துறை ஓரமாக நட்டேன். வண்டிக்கு நிற்கும் ஆள்மேல் நிழல் விழுகிற மாதிரி பார்த்து நட்டேன். பாண்டான் இலை பறித்து வந்தேன், ஆனால் இடிக்கவில்லை. சாயம் போடுவது அவள் வேலை. அதனால் கிள்ளான் வரை மரங்கள் பச்சையாக இருக்கின்றன. போர்ட்டில் மட்டும் வெளுத்து நிற்கின்றன.

பலகைத் துண்டு இன்னும் சுவரில்தான் சாய்ந்திருக்கிறது. எடுத்துப் போட ஒரு நிமிடம் ஆகாது. ரயில் போர்ட்டில், எஞ்சின் வீட்டைப் பார்த்தபடி, அப்படியே நிற்கிறது. நான் வாசலில் குனியாமல் போய் வருகிறேன். பழக்கத்தில் சில நாள் தலை தானாகத் தாழ்ந்துவிடும்.