நூறு சதம் காட்டனில் ஒரு மலையேற்றம்

நனைந்த பனியன் துணி எவ்வளவு கனக்கும் என்பது, திருப்பூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு முப்பத்திரண்டு வயது வரை தெரியாது. தெரிய வைத்தவர் என் வீட்டுக்காரர். கருநீல ஸ்வெட்ஷர்ட், தலைக்குத் தொப்பி வைத்தது, வயிற்றுப் பக்கம் பெரிய பை, உள்பக்கம் மெத்தென்று உரசிவிட்ட கனத்த துணி. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கடைக்குப் போயிருக்க வேண்டியது. கழுத்துத் தையல் கொஞ்சம் கோணிவிட்டதால் இங்கேயே தங்கிவிட்டது. அப்படி இரண்டை ஒருநாள் கம்பெனியிலிருந்து கொண்டு வந்து கட்டில் மேல் போட்டு, "மலைக்கு இது போதும் அம்மிணி" என்றார். அந்த இரண்டும் மலை மேல் குடித்த தண்ணீரை நினைத்தால் எனக்கு இப்போதும் தோள் வலிக்கிறது.

அவர் அப்போது அருள்புரம் பக்கம் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். பையர், அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி, கேட்ட உடுப்பை, கேட்ட நிறத்தில், கேட்ட தேதிக்குக் கப்பலேற்றிக் கொடுக்கிற வேலை. அவர் மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஓர் அட்டவணை தொங்கும். நூல் என்றைக்கு வர வேண்டும், சாயம் என்றைக்கு முடிய வேண்டும், பட்டன் என்றைக்கு, அட்டைப்பெட்டி என்றைக்கு என்று நாள் வாரியாக எழுதியிருக்கும். ஒரு லேபிள் அரை நாள் தாமதமானால் அவர் ஃபோனில் போடுகிற சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதே மனிதர் கம்பெனி கேட்டைத் தாண்டியதும் அத்தனையையும் கழற்றி அங்கேயே மாட்டிவிட்டு வருவார். வீட்டில் கேஸ் தீர்ந்தாலும் சரி, சொந்தத்தில் கல்யாணம் என்றாலும் சரி, "போயிப் பாத்துக்கலாம்" என்பார். ஒருமுறை அப்படிப் போய்ப் பார்த்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானோ சாயப்பட்டறைச் சோதனைக்கூடத்தில், எங்கள் வாயில் லேப், நிறம் பொருத்தும் வேலை பார்த்தவள். பையர் அனுப்பும் துண்டுத் துணியின் நிறத்துக்கு இம்மி பிசகாமல் சாயம் கலந்து காட்ட வேண்டும். எனக்கு இவரைக் கட்டி வைத்த பெரியவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வேலை பார்த்தவள் என்றேன். அந்த வருடம் நான் வேலையில் இல்லை. கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனையில் மூன்று முறை சிகிச்சை எடுத்து மூன்றும் தங்கவில்லை. ஊசிக்கும் படுக்கைக்கும் தோதாக இருக்கட்டும் என்று வேலையை விட்டிருந்தேன். நான்காவது முறைக்குத் தீபாவளி கழித்து வரச் சொல்லியிருந்தார்கள். "கார்த்திகைல ஆரம்பிச்சா இந்த வாட்டி நிக்குங் கண்ணு" என்று என் மாமியார் தினமும் சொல்வார். நல்ல மனதோடுதான் சொன்னார், அதனாலேயே என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. எனக்குப் போதும் என்றாகிவிட்டது. என் உடம்பு என்னுடையது இல்லை என்பது போல ஒரு களைப்பு. மறுபடி லேபுக்குப் போக வேண்டும், விரலில் சாயக் கறையோடு வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று மூன்று மாதமாக வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் மருத்துவமனையிலிருந்து திரும்பும்போது அவர் முகத்தைப் பார்த்தவள் நான். சொன்னால் உடைந்துவிடுவார் என்று பயம். ஆகவே அவர் மலைக்குப் போகலாம் என்றதும் உடனே தலையாட்டினேன். ஃபோன் எடுக்காத இடத்தில் அவர் எனக்கு மூன்று நாள் கிடைத்தால் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

மலையேறும் யோசனையை அவர் தலையில் போட்டது, துணியின் தரம் பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர். கொடைக்கானலுக்கு அப்பால், பூண்டு விளைகிற ஒரு மலைக்கிராமத்திலிருந்து நடந்தால் ஒரு பாறை வருமாம். அதில் உட்கார்ந்தால் கீழே சமவெளி முழுக்கத் தெரியுமாம். எந்தப் பக்கம், எத்தனை மணி நேர நடை, எந்த மாதம் போவது? இவர் ஒன்றையும் கேட்டு வைக்கவில்லை. எங்கள் ஊரில் கம்பெனிகள் மொத்தமாக மூடுவது தீபாவளிக்குத்தான். தெற்கத்திக்காரர்கள் பஸ் பஸ்ஸாகச் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட, ஒரு வாரம் ஊர் மெஷின் சத்தமில்லாமல் கிடக்கும். நமக்கு லீவு விடுகிற அதே ஐப்பசியில்தான் மலையில் அடைமழையும் என்பது, ஐந்து மாதம் முன்பே கப்பல் தேதி சொல்லத் தெரிந்த மனிதருக்கு உறைக்கவில்லை. ரெயின்கோட்டாவது வாங்கலாமுங்க என்றேன். முகத்தைச் சுளித்தார். "பிளாஸ்டிக்கையும் பாலியஸ்டரையும் மனுசன் மேல போடுவானா? காட்டன் மூச்சு விடும் அம்மிணி." பருத்தியில் சோறு தின்கிறவருக்கு அதற்கு மேல் ஒரு துணி உலகத்தில் கிடையாது. உள்ளே போடும் பனியனிலிருந்து காலுறை வரை எல்லாமே நூறு சதம் காட்டன். மாற்றுத் துணியும் அதுவே.

தீபாவளிக்கு மறுநாள் கிளம்பி, தாராபுரத்தில் பஸ் மாறினோம். பழனியில் இறங்கியதும் இவர் கம்பெனி ஆட்களுக்குப் பஞ்சாமிர்தம் வாங்க வேண்டும் என்றார். திரும்பி வரும்போது வாங்கலாமுங்க என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாங்கிக்கொண்டு திரும்பினால் கொடைக்கானல் பஸ் எங்கள் கண் முன்னாலேயே கிளம்பிப் போனது. அடுத்த பஸ்ஸில் நின்றுகொண்டே மலை ஏறினோம். கொடைக்கானலில் ஓர் அறைகூடக் கிடைக்கவில்லை, தீபாவளிக் கூட்டம். "போயிப் பாத்துக்கலாம்" என்று அப்படியே ஒரு ஜீப் பிடித்துப் பூண்டுக் கிராமத்துக்கே போய்விட்டோம். டீக்கடைக்காரர் ஒருவர் மனமிரங்கித் தன் கடை மாடியில் மூட்டைகளுக்கு நடுவே இடம் கொடுத்தார். நான் அன்று என் வீட்டுக்காரரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவும் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் தூறிக்கொண்டிருந்தது. "இந்த ஈரத்துல எங்க சார் போறீக? பாதையெல்லாம் வழுக்கும். ரெண்டு நாள் பொறுத்துப் பாருங்க" என்றார் டீக்கடைக்காரர். "சும்மா கொஞ்ச தூரந்தானுங்க" என்று இவர் கிளம்பினார். பையில் ஒரு பொட்டலம் பிஸ்கட், ஒரு பாட்டில் தண்ணீர், எதற்கென்று தெரியாமல் நான்கு பஞ்சாமிர்த டப்பா. பூண்டு வயல்கள் முடிந்து காட்டுப் பாதை தொடங்கிய இடத்தில் தூறல் மழையானது. முதலில் தோள் நனைந்தது. பிறகு அந்தக் கனத்த துணி பிடித்த ஈரம் அத்தனையையும் உள்ளே இழுத்துக்கொண்டு தொங்க ஆரம்பித்தது. சட்டையின் கைகள் என் விரலைத் தாண்டி நீண்டன. வயிற்றுப் பையில் கிண்ணத்தில் பிடித்தது போலத் தண்ணீர் நின்றது. சுடிதாருக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டு நடந்த எனக்கு, ஒரு சாக்கு மூட்டையைச் சுமப்பது போல இருந்தது. காலில் அட்டை ஏறியது. பிய்த்துப் போட்டுக்கொண்டே நடந்தேன். காற்று அடித்தால் குளிர் எலும்பில் போய் உட்கார்ந்தது.

வழியில் இரண்டு முறை பேச்சை ஆரம்பித்தேன். "ஏனுங்க, ஆஸ்பத்திரி விசயமா ஒண்ணு சொல்லோணும்" என்றேன். முதல் முறை, "அந்தப் பாறைக்குப் போயிப் பேசிக்கலாம் அம்மிணி" என்றார். இரண்டாவது முறை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னுங் கொஞ்ச தூரந்தான், வா வா" என்று வேகமாக நடந்தார். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மூடுபனி. பாறை எதிரிலேயே இருந்தாலும் அதில் உட்கார்ந்து பனியைத்தான் பார்த்திருக்க முடியும். இந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் ஓடுகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. மனதுக்குள் அவரை என்னென்னவோ திட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

மூன்று மணி நேரம் நடந்த பிறகு பாதை இரண்டாகப் பிரிந்தது. எது பாறைக்குப் போவது என்று இவருக்குத் தெரியவில்லை. ஓரத்தில் விவசாயிகள் போட்டு வைத்த தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. நான் அதற்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. விரல்கள் வெளுத்து மரத்துப் போயிருந்தன. என்னைப் பார்த்ததும்தான் அவர் பயந்தார். ஸ்வெட்ஷர்ட்டைக் கழற்றச் சொல்லி முறுக்கிப் பிழிந்தார். வாளி சாய்ந்தது போலத் தண்ணீர் கொட்டியது. வேறு எதுவும் தோன்றாமல் ஒரு பஞ்சாமிர்த டப்பாவைத் திறந்து, "ரெண்டு வாய் தின்னு, சூடு வரும்" என்று நீட்டினார். அந்த டப்பாவைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. மூன்று மாதம் அழகாகக் கோத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் போய்விட்டது. "எனக்கு ஊசி வேண்டாம். நாலாவது வாட்டி நான் வரமாட்டேன். நான் வேலைக்குப் போறேன். நீங்க என்ன நெனைச்சாலுஞ் சரி" என்று கத்தினேன்.

அவர் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். பிறகு வெளியே பனியைப் பார்த்து, மிகவும் ஏமாந்து போன குரலில், "அந்தப் பாறைல வெச்சுச் சொல்லலாம்னு இருந்தனே" என்றார்.

"என்னத்தைங்க?"

"ஆஸ்பத்திரிக்குப் போன வாரமே ஃபோன் பண்ணிட்டேன். இனி வரலைங்கன்னு சொல்லிட்டேன். அம்மாகிட்டயுஞ் சொல்லியாச்சு."

"அத்தைகிட்ட என்னன்னு சொன்னீங்க?"

"என்னால முடியலைன்னு. உன்னைய உள்ள படுக்க வெச்சுப்போட்டு வெளிய அந்த நாற்காலில உக்காந்திருக்க என்னால முடியலைங்கம்மான்னு சொன்னேன். அவளுக்கு ஆசைதான், நாந்தான் வேண்டாங்கறேன்னுட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அதற்கு முன்னால் கோபம் வந்தது. தீபாவளியன்று மாமியார் என் தலையில் எண்ணெய் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனதன் காரணம் இப்போது புரிந்தது. அத்தைக்குத் தெரிந்திருக்கிறது. மருத்துவமனையில் ஃபோன் எடுக்கும் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. ஒரு வாரம் நான் சோறு இறங்காமல் கிடந்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டு, நல்ல இடமாக வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்.

"ஏனுங்க, எனக்கு இன்னொரு வாட்டி பாக்கோணும்னு இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

"அதை நான் யோசிக்கவே இல்லியே அம்மிணி" என்றார். வீட்டு விஷயத்தில் அந்த மனிதர் தன் வாழ்நாளில் முன்கூட்டிப் போட்ட ஒரே திட்டம் அது. இடம் பார்த்து, சொல்ல வேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லி, பக்காவாகப் போட்டிருக்கிறார். அதில் என் பதிலுக்கு மட்டும் இடம் விடவில்லை. இருவருக்கும் ஒரே பதிலாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். வேறு மாதிரி இருந்திருந்தால் அந்தக் கொட்டகையோடு எங்கள் உறவு முடிந்திருக்கும் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். அதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

பாறையைப் பார்க்காமலேயே இறங்கினோம். டீக்கடைக்காரரின் மனைவி என்னை அடுப்படியில் உட்கார வைத்துத் தன் பாலியஸ்டர் சேலையைக் கொடுத்தார். இவருக்குக் கடைக்காரரின் பாலியஸ்டர் சட்டை. பத்தே நிமிடத்தில் எனக்கு உடம்பு சூடு கண்டது. எங்கள் காட்டன் சட்டைகள் அடுப்புக்கு மேல் கயிற்றில் தொங்கி, ஊர் திரும்புகிற நாள் வரை சொட்டிக்கொண்டிருந்தன. ஈரத்தோடுதான் மூட்டை கட்டினோம்.

கார்த்திகையில் நான் லேபுக்குத் திரும்பினேன். இப்போது அங்கே கம்ப்யூட்டர் நிறம் பார்க்கிறது. நான் அது சொல்வது சரிதானா என்று பார்க்கிறேன். அத்தை என்னிடம் ஒருநாளும் எதுவும் கேட்டதில்லை. வருடா வருடம் கார்த்திகை பிறந்ததும் மகனைத்தான் கூப்பிட்டு உட்கார வைப்பார். "இப்பவாச்சும் மனசு மாறுச்சா சாமி?" என்பார். "இல்லீங்கம்மா" என்று தலையைக் குனிந்துகொள்வார் இவர். உள்ளறையில் எனக்குக் கேட்கும். எனக்கும்தான் வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிடுகிறேன் என்று இவரிடம் எத்தனையோ முறை சொன்னேன். "நீ பேசாம இரு" என்பார். அந்தப் பழியைச் சுமக்கிற விஷயத்தில் மட்டும் அவர் ஒருநாளும் "போயிப் பாத்துக்கலாம்" என்றதில்லை.

போன வருடம் அத்தை படுக்கையில் விழுந்தார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பையன் கோழை. உனக்கொரு கொழந்தை இல்லாமப் பண்ணிப்போட்டான். நீ பொறுத்துக்கிட்டே கண்ணு" என்றார். கட்டிலின் கால்மாட்டில் இவர் நின்றிருந்தார். நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம் என்று இவர் தலையை அசைத்தார். அப்போதும் எனக்கு அவர் மேல் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அத்தையின் கையை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.